1000 யார்டுக்கு எந்த ரெட்டிக்கிள்? எஃப்-கிளாஸ் சுடப் போகிறேன், வழி சொல்லுங்கள்

ஒத்தக்கடை ப்ரோன்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கிளப்பில் .22 ரைஃபிள், 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடுவது) சுடுகிறேன். இதுவரை சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட் மட்டும்தான். நம் ரைஃபிள் போட்டிகளில் டெலஸ்கோப்புக்கு இடமே இல்லை என்பதால் ஸ்கோப் வைத்துச் சுட்டுப் பழக்கம் கிடையாது.

வேலை மாற்றலில் ஆவணிக்கு மேல் இங்கிலாந்து போகிறேன். தங்கப்போகும் ஊரிலிருந்து பிஸ்லி துப்பாக்கி சுடும் மைதானம் பக்கம். அங்கே கிளப்பில் சேர்ந்து, பயிற்சிக் காலம் முடித்து, லைசென்ஸ் வாங்கி, எஃப்-கிளாஸில் (ஸ்கோப்பும் தாங்கியும் வைத்து நெடுந்தூரம் சுடும் போட்டி) எஃப்-டி.ஆர். பிரிவில் .308 ரைஃபிள் சுட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ரைஃபிளை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கோப்புக்கு இப்போதே பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சிக்கல் ரெட்டிக்கிளில்தான், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோட்டில். ஒரே ஸ்கோப்புக்கு நாலைந்து ரெட்டிக்கிள் வருகிறது. ஒன்று வெறும் குறுக்குக்கோடு, ஒன்றில் நடுவே புள்ளி, ஒன்றில் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னக் கோடுகள், இன்னொன்று கீழே மரம் மாதிரி விரிகிறது. கோண அலகு மில்லா, எம்.ஓ.ஏ.வா? ஃபர்ஸ்ட் ஃபோக்கலா, செகண்ட் ஃபோக்கலா? நல்ல ஸ்கோப் லட்சக்கணக்கில் போகிறது. அடிக்கடி மாற்ற வசதி கிடையாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகை வடகரை:

தம்பி, நான் அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் பி.ஆர்.எஸ். (பல தூர இலக்குகளை நேரக் கணக்கில் சுடும்) போட்டிகள் சுட்டிருக்கிறேன். என் ஓட்டு ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன், மில், கீழே மரம் போட்ட ரெட்டிக்கிள். பெருக்கத்தோடு சேர்ந்து கோடும் பெரிதாவதால், எந்தப் பெருக்கத்தில் வைத்தாலும் கோடு காட்டும் அளவு மாறாது. காற்றுக்கும் தூரத்துக்கும் டரட்டை (குறியை நகர்த்தும் திருகை) தொடாமலே பிடித்துச் சுடலாம். ஒரு ஸ்டேஜில் ஐந்தாறு இலக்கு, ஒவ்வொன்றும் வேறு தூரம், நேரம் 90 வினாடி, 2 நிமிடம் என்று இருக்கும்போது டரட்டைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. மரம் இருந்தால் கண் நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். பின்னால் வேறு எந்தப் போட்டிக்குப் போனாலும் அதே ஸ்கோப் உதவும்.

கூடல்நகர் ரைஃபிள்:

எஃப்.எஃப்.பி. (ஃபர்ஸ்ட் ஃபோக்கல்) வேண்டவே வேண்டாம் என்றுதான் நான் கேள்விப்பட்டேன். பெருக்கத்தைக் கூட்டினால் கோடும் சேர்ந்து தடித்து இலக்கை மறைத்துவிடுமாம்.

வில்லாபுரத்தான்:

தம்பி, நானும் மதுரைதான், வில்லாபுரம். பிஸ்லியில் எஃப்-டி.ஆர். சுடுகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ரெட்டிக்கிள் படங்களை மூடி வைத்துவிட்டு முதலில் இலக்குத் தாளைப் பாருங்கள். சர்வதேச அமைப்பான ஐ.சி.எஃப்.ஆர்.ஏ.வின் எஃப்-கிளாஸ் இலக்கில், 1000 யார்டுக்கு, நடுவட்டமான வி-புல் 5 அங்குல விட்டம். 5 மதிப்பெண் வளையம் 10 அங்குலம், 4 வளையம் 20, 3 வளையம் 30. கருப்பு மொத்தமும் 44 அங்குலம். 1000 யார்டில் 1 எம்.ஓ.ஏ. என்றால் 10.47 அங்குலம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து 5 வளையத்தின் விளிம்பு அரை எம்.ஓ.ஏ., 4 வளையத்தின் விளிம்பு 1 எம்.ஓ.ஏ., 3 வளையத்தின் விளிம்பு ஒன்றரை. வளையமே அளவுகோலாக இருக்கிறது. காற்றுக்காக 1 எம்.ஓ.ஏ. இடது பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டுமா, 4 வளையத்தின் இடது விளிம்பில் புள்ளியை வையுங்கள், முடிந்தது.

அப்புறம், அங்கே போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தூரம் முன்பே தெரியும், போட்டி முடியும்வரை மாறாது. நீங்கள் சுட்டதும் இலக்கு கீழே இறங்கும். பட்ஸில் (இலக்குகளுக்குக் கீழே உள்ள பள்ளத்தில்) இருப்பவர் துளையில் ஒரு வட்டத் தகடு குத்தி, ஓரத்தில் மதிப்பெண்ணைக் காட்டி மேலே ஏற்றுவார். போன குண்டு எங்கே விழுந்தது என்று துல்லியமாகத் தெரிந்த பிறகுதான் அடுத்ததைச் சுடுகிறீர்கள். பிஸ்லியில் இரண்டு மூன்று பேர் ஒரே இலக்கில் மாறி மாறிச் சுடுவது வழக்கம். ஒருவருக்கு 45 வினாடி. அந்த இடைவெளியில் காற்று மாறியிருக்கும். 155 கிரெயின் குண்டு போட்ட .308-க்கு, குறுக்குக் காற்று மணிக்கு 1 மைல் கூடினாலோ குறைந்தாலோ 1000 யார்டில் முக்காலிலிருந்து 1 எம்.ஓ.ஏ. வரை தள்ளிப்போகும். உங்கள் கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்த 1 மைல், வி-புல்லை 4 ஆக்கிவிடும்.

அதனால் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: அன்றைய காற்றின் அடிப்படை அளவை டரட்டில் போட்டுவிடுவார்கள். அதற்கு மேல் குண்டுக்குக் குண்டு வரும் சின்ன மாற்றத்தைக் கண்ணால் தள்ளிப் பிடிப்பார்கள். இந்த முறைக்கு என்ன வேண்டும்? நடுவில் கூர்மையான ஒரு புள்ளி. பக்கவாட்டில் 1 எம்.ஓ.ஏ.வுக்கு ஒரு கோடு. ரைஃபிள் சாயாமல் நேராக இருக்கிறதா என்று பார்க்க மேலும் கீழும் ஒரு மெல்லிய கோடு. இவ்வளவுதான். கீழே மரம் இருந்தால் நீங்கள் பார்க்க வேண்டிய தகட்டுக்கும் வளையத்துக்கும் மேல் புள்ளியும் எண்ணும் கொட்டிக் கிடக்கும். பனங்காட்டுக்குள் ஒற்றை ஆளைத் தேடுகிற மாதிரி ஆகிவிடும்.

இனி புள்ளியின் அளவு. 1/8 எம்.ஓ.ஏ. புள்ளி 1000 யார்டில் 1.3 அங்குலத்தை மறைக்கும். 5 அங்குல வி-புல்லுக்குள் அது அழகாக உட்காரும், சுற்றி இடம் தெரியும். 1/4 எம்.ஓ.ஏ. என்றால் 2.6 அங்குலம், வி-புல்லின் பாதி அகலம். அதுவும் பரவாயில்லை, கானல் (சூட்டில் காற்று அலைவது) அதிகமான நாளில் சிலருக்கு இதுதான் பிடிக்கும். அரை எம்.ஓ.ஏ. என்றால் வி-புல் மொத்தமும் புள்ளிக்குப் பின்னால் போய்விடும்.

படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ரெட்டிக்கிளும் கருப்பு, இலக்கும் கருப்பு. 44 அங்குலக் கருப்பு 4.2 எம்.ஓ.ஏ. அகலம். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 2.1 எம்.ஓ.ஏ. வரை உங்கள் கோடுகள் கருப்பின் மேல்தான் கிடக்கும். மிக மெல்லிய கோடு என்றால் மேகமூட்டமான மாலையில் கருப்புக்குள் கரைந்து காணாமல் போகும். மூன்றாவது கோட்டிலிருந்துதான் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். அதனால் "எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது" என்பதை அப்படியே நம்பாதீர்கள். ஒளிரும் புள்ளி இருந்தால் அது ஆடம்பரம் இல்லை, அந்த வெளிச்சத்தில் அவசியம். போட்ட தகட்டைக் குறியாக வைத்துக்கொண்டு அதிலிருந்து தள்ளிப் பிடிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

எஃப்-கிளாஸில் அந்த 'எஃப்' என்பது ஜார்ஜ் ஃபார்குவார்சன் என்ற கனடாக்காரரின் பெயர். கண் மங்கிய பிறகும் பழைய ஷூட்டர்கள் மைதானத்தை விட்டுப் போகக்கூடாது என்று ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துச் சுட வழி செய்தவர் அவர். இதைச் சும்மா வரலாறாகச் சொல்லவில்லை. கண்ணுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பிரிவு பிறந்த காரணம். ரெட்டிக்கிளும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வைகை வடகரை:

வில்லாபுரம் அண்ணே சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூடல்நகர் நண்பர் சொன்னதைத் திருத்த வேண்டும். எஃப்.எஃப்.பி.யில் கோடு தடித்து இலக்கை மறைக்கும் என்பது தப்பு. கோடு பெரிதாகும்போது இலக்கும் அதே விகிதத்தில் பெரிதாகிறது. நல்ல எஃப்.எஃப்.பி. ரெட்டிக்கிள்களில் நடுக் கோட்டின் தடிமன் 0.03 மில் அளவில் இருக்கும். 1000 யார்டில் 1 மில் 91.4 செ.மீ., அப்படியென்றால் 0.03 மில் 2.7 செ.மீ. அண்ணே சொன்ன 1/8 எம்.ஓ.ஏ. புள்ளி 3.3 செ.மீ. எது தடிமன்? எஃப்.எஃப்.பி.யின் உண்மையான குறை எதிர்ப்பக்கம். பெருக்கத்தைக் குறைத்தால் கோடு நூலாகிவிடும்.

வில்லாபுரத்தான்:

சரியான கணக்கு, தம்பி. தடிமனை வைத்து எஃப்.எஃப்.பி.யை ஒதுக்குவது நியாயம் இல்லை. நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. எஃப்-கிளாஸ்காரர்கள் 40, 50, 60 மடங்குப் பெருக்கம் வரை போகிற ஸ்கோப் தேடுகிறோம். மார்ச் 10-60x52, வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15-60x52, சைட்ரான் 10-50x60 மாதிரி. இந்த வகையில் பெரும்பாலானவை செகண்ட் ஃபோக்கல்தான். எஃப்.எஃப்.பி. ஸ்கோப்புகள் அதிகம் 25, 35 மடங்கோடு நின்றுவிடும். ஒரே தூரத்தில் ஒரே இலக்கை நாள் முழுவதும் பார்க்கிறவனுக்கு, எல்லாப் பெருக்கத்திலும் கோடு சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொன்று எடை. எஃப்-டி.ஆர்.-இல் ரைஃபிள், ஸ்கோப், பைபாட் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. எஃப்-ஓப்பன் என்ற இன்னொரு பிரிவில் 10 கிலோ. எந்த ஸ்கோப்பாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் எடையைப் பாருங்கள்.

அனுப்பானடி கணக்கு வாத்தியார்:

துப்பாக்கியை ஆசைக்குத்தான் கையில் எடுத்தேன், கணக்கு தொழில். கிளிக் (டரட் ஒரு படி திரும்பும் அளவு) விஷயத்தை யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன்.

மில் ஸ்கோப்பில் வழக்கமான கிளிக் 0.1 மில். 100 மீட்டரில் 1 செ.மீ. என்று மனக்கணக்குக்கு அருமையாக இருக்கும். 1000 யார்டில் அது 3.6 அங்குலம். வி-புல்லின் நடுவிலிருந்து விளிம்பு இரண்டரை அங்குலம்தானே? ஆக, நடுவில் விழுந்துகொண்டிருக்கும் குண்டை ஒரு கிளிக் வி-புல்லுக்கு வெளியே தள்ளிவிடும். 1/4 எம்.ஓ.ஏ. கிளிக் 2.6 அங்குலம், சுமாராக விளிம்புக்குக் கொண்டுபோகும். 1/8 எம்.ஓ.ஏ. கிளிக் 1.3 அங்குலம். இலக்கு எம்.ஓ.ஏ. கணக்கில் வளையம் போட்டது, கிளிக் எம்.ஓ.ஏ.வில் பொடியாகக் கிடைக்கிறது, பக்கத்தில் படுத்திருப்பவரும் "அரை இடது" என்று எம்.ஓ.ஏ.வில்தான் பேசுவார். தம்பிக்கு எம்.ஓ.ஏ. போதும். 0.05 மில் கிளிக் உள்ள ஸ்கோப்பும் இருக்கிறது. ஏற்கெனவே மில்லில் ஊறியவர்கள் அதை எடுக்கலாம்.

எது வாங்கினாலும் ரெட்டிக்கிளும் டரட்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும். கோடு மில்லிலும் கிளிக் எம்.ஓ.ஏ.விலும் உள்ள பழைய ஸ்கோப்புகள் மலிவாக வரும். 1 மில் 3.438 எம்.ஓ.ஏ. என்று 45 வினாடிக்குள் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது.

செகண்ட் ஃபோக்கல் பற்றி ஒரு குறிப்பு. பெருக்கம் செய்யும் லென்ஸ்களுக்குப் பின்னால் ரெட்டிக்கிள் இருப்பதால் அது எப்போதும் ஒரே அளவில் தெரியும், இலக்கு மட்டும் சிறிதும் பெரிதும் ஆகும். எனவே கோடுகளின் அளவு ஒரே ஒரு பெருக்கத்தில்தான் சரி. 40-இல் 1 எம்.ஓ.ஏ. காட்டும் கோடு 20-இல் 2 எம்.ஓ.ஏ. காட்டும். பெரும்பாலும் அதிகபட்சப் பெருக்கத்தில் அளவு சரியாக இருக்கும், எல்லா ஸ்கோப்பிலும் அல்ல. கையேட்டில் பார்த்துவிட வேண்டும்.

ஒத்தக்கடை ப்ரோன்:

அண்ணே, சார், எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் கானல் வந்து பெருக்கத்தைக் குறைத்தால் என் கோடுகள் எல்லாம் தப்பாகிவிடுமே?

அனுப்பானடி கணக்கு வாத்தியார்:

ஆகும். ஆனால் வளையம் தப்பாகாது. வில்லாபுரத்தார் முதலில் சொன்னதன் அருமை அங்கேதான் தெரிகிறது. பெருக்கம் எதுவாக இருந்தாலும் 4 வளையத்தின் விளிம்பு 1 எம்.ஓ.ஏ.தான். வளையத்தை வைத்துப் பிடித்தால் பெருக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை. கோட்டை வைத்துப் பிடிக்கிறவர் பெருக்கத்தைத் திருப்பும் வளையத்தில் பாதிப் பெருக்கம் எங்கே வருகிறது என்று ஒரு பெயின்ட் குறி வைத்துக்கொள்ளட்டும்.

பேரையூர் ஹவில்தார்:

ஓய்வு பெற்ற காலாட்படைக்காரன். மில் எனக்குப் பழக்கமான அலகு. ஆளின் உயரம் தெரிந்தால் மில்லை வைத்துத் தூரம் கண்டுபிடிக்கலாம். எங்கள் டிராகுனோவ் ஸ்கோப்பில் 1.7 மீட்டர் உயர ஆளைப் பொருத்தித் தூரம் பார்க்க ஒரு வளைகோடே இருக்கும். தூரம் தெரியாத இடத்துக்கு அது உயிர். தம்பி சுடப்போகும் இடத்தில் தூரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வேலை வேறு, கருவி வேறு.

நான் சொல்ல வந்தது சாய்வு. 100-இலிருந்து 1000 யார்டு போக .308-க்கு டரட்டில் 30 எம்.ஓ.ஏ. சுமாராக ஏற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு ஏற்றிய பிறகு ரைஃபிள் ஒரு டிகிரி சாய்ந்தால் குண்டு அரை எம்.ஓ.ஏ. பக்கவாட்டில் போகும். ஐந்து அங்குலத்துக்கு மேல். நடுவில் விழ வேண்டியது 5 வளையத்தை விட்டு வெளியே. காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு சாய்வைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

அதனால் செங்குத்துக் கோடு நன்றாகத் தெரிகிற ரெட்டிக்கிள் வாங்குங்கள். நடுவில் வெறும் புள்ளி, சுற்றி ஒன்றுமே இல்லை என்கிற வகை வேண்டாம். ஸ்கோப்பை மாட்டும்போது கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை 50 மீட்டரில் தொங்கவிட்டு, ரைஃபிளை மட்டம் பார்த்து நிறுத்தி, செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு பொருத்துங்கள். நூல் காற்றில் ஆடாமல் இருக்க குண்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். அதன் பிறகுதான் ரிங் ஸ்க்ரூவை முறுக்க வேண்டும், முறுக்கிய பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். முறுக்கும்போதே ஸ்கோப் திரும்பிவிடும். ஸ்கோப்பில் ஒரு சின்ன நீர்மட்டமும் மாட்டிவிடுங்கள்.

வைகை வடகரை:

அய்யா சொன்ன அதே தூக்குக்குண்டு நூலை வைத்து டரட்டையும் சோதித்துவிடலாம். சரியாக 100 மீட்டரில் உயரமான தாளில் நேர்கோடு ஒன்று போட்டு, கீழே ஒரு புள்ளி, அதிலிருந்து 87.3 செ.மீ. மேலே இன்னொரு புள்ளி. அது 30 எம்.ஓ.ஏ. ரைஃபிளை அசையாமல் கட்டி வைத்து 30 எம்.ஓ.ஏ. திருப்பினால் ரெட்டிக்கிள் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேராகப் போக வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ரெட்டிக்கிள் சாய்ந்திருக்கிறது. முன்னாலேயே நின்றுவிட்டால் கிளிக் அளவு குறைகிறது.

கண்ணாடி மீனாட்சி:

நான் கண் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன், மதுரையில்தான். துப்பாக்கி பற்றி அதிகம் தெரியாது, அண்ணன் சுடுகிறார் என்பதால் இந்தப் பக்கம் வருவேன். ரெட்டிக்கிள் மங்கல், இரட்டையாகத் தெரிகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு ஸ்கோப்பில் கோளாறே இருக்காது.

முதல் விஷயம், கண் அருகே இருக்கும் வளையம். அது ரெட்டிக்கிளை உங்கள் கண்ணுக்குத் தெளிவாக்க மட்டும்தான். இலக்கைத் தெளிவாக்க அதைத் திருப்பக்கூடாது. வெளிறிய வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கி ஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடித் திறந்து ஒரு நொடி மட்டும் பாருங்கள். அந்த முதல் நொடியிலேயே கோடு கூர்மையாக இருக்க வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானாகவே தன்னைச் சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றும். அப்படி வைத்த ஸ்கோப்பில் சாயங்காலத்துக்குள் தலைவலி வந்துவிடும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஸ்கோப்பைத் திருப்பவே கூடாது.

இரண்டாவது, சிலிண்டர் பவர். அது இருப்பவர்களுக்கு ஒரு திசைக் கோடு கூர்மையாகவும் அதற்குக் குறுக்கான கோடு மங்கலாகவும் தெரியும். புள்ளி வட்டமாகத் தெரியாமல் நீண்டு தெரியும். 1/8 எம்.ஓ.ஏ. புள்ளிக்கு இது பெரிய தொல்லை. ஸ்கோப்பின் வளையத்தால் சிலிண்டரைச் சரிசெய்ய முடியாது, கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும். படுத்துச் சுடும்போது கண்ணாடியின் மேல் ஓரம் வழியாகப் பார்ப்பீர்கள், அங்கே பவர் சரியாக வேலை செய்யாது. படுத்த நிலையில் கண் எந்த இடம் வழியாகப் பார்க்கிறது என்று சொல்லி லென்ஸை அதற்கேற்ப மையப்படுத்தித் தரச் சொல்லுங்கள். தம்பி, இவ்வளவு செலவு செய்வதற்கு முன் கண்ணை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒத்தக்கடை ப்ரோன்:

அக்கா, எனக்கு வலது கண்ணில் 0.75 சிலிண்டர் இருக்கிறது! பீப் சைட்டில் இது தெரிந்ததே இல்லை.

கண்ணாடி மீனாட்சி:

தெரியாதுதான் தம்பி. சின்னத் துளை வழியாகப் பார்க்கும்போது மங்கல் தானாகக் குறைந்துவிடும். பீப் சைட் உங்கள் பவரை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. ஸ்கோப்பில் அந்த உதவி கிடைக்காது.

திருநகர் கோச் அக்கா:

எங்கள் பிள்ளைகள் சிலர் ஸ்கோப்புக்கு மாறும்போது பார்த்ததைச் சொல்கிறேன். ப்ரோனில் நீ கற்றது எதுவும் வீண் இல்லை தம்பி. 50 மீட்டர் இலக்கின் கருப்பு 112.4 மி.மீ., கோணத்தில் 7.7 எம்.ஓ.ஏ. அதைச் சுற்றி முன்சைட் வளையத்துக்குள் எவ்வளவு வெள்ளை விட வேண்டும் என்று வளையத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பாய். இறுக்கமான வளையம் போட்டால் கண் திணறும், சுடத் தயங்குவாய். ரெட்டிக்கிள் புள்ளிக்கும் அதே நியாயம்தான். மிகப் பொடியான புள்ளியை வைத்தால் 50 மடங்கில் உன் நாடித்துடிப்பெல்லாம் தெரியும், புள்ளி நிற்கும்வரை காத்திருந்து காத்திருந்து மூச்சு தீர்ந்துவிடும். அதனால் 1/8-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

ஊரை விட்டுப் போவதற்கு முன் இரண்டு வேலை செய். ஒன்று, வில்லாபுரத்தார் சொன்ன இலக்கை 50 மீட்டருக்குச் சுருக்கி ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துக்கொள். கருப்பு 6.1 செ.மீ., 5 வளையம் 1.4 செ.மீ., வி-புல் 7 மி.மீ. வரும். கிளப்பில் யாரிடமாவது ஸ்கோப் போட்ட .22 இருந்தால் கேட்டு, அனுமதியோடு, ஒரு குண்டு நடுவில், அடுத்தது 4 வளைய விளிம்பில் என்று தள்ளிப் பிடித்துப் பழகு. தள்ளிப் பிடிப்பதற்கு மனசு முதலில் ஒத்துக்கொள்ளாது. நடுவைப் பார்த்தே வளர்ந்த கண் அது.

இரண்டு, கானல். பங்குனி சித்திரையில் வெயில் ஏறியதும் நம் ஊர்க் கண்மாய் வறண்டு கிடக்குமே, அதன் கரையில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை முக்காலியில் வைத்து எதிர்க்கரையைப் பார். துப்பாக்கியோ துப்பாக்கியில் மாட்டிய ஸ்கோப்போ வேண்டாம், வெறும் ஸ்பாட்டிங் ஸ்கோப் மட்டும். இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோக்கஸ் வைத்தால் கானல் ஓடுவது தெரியும். காற்று இல்லாதபோது, அல்லது நேர் எதிரிலோ நேர் பின்னாலோ வரும்போது கொதிக்கிற மாதிரி மேலே எழும். குறுக்கே காற்று கூடக் கூடச் சாய்ந்து, பின் படுத்து ஓடும். மணிக்கு 12 மைல் சுமாருக்கு மேல் தட்டையாகிவிடும், அதற்கப்புறம் கொடியைத்தான் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் அந்தத் தட்டையான ஓட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடு. பிஸ்லியில் வெயில் குறைவாக இருக்கலாம், ஆனால் கானலைப் படிக்கும் கண்ணை இங்கே பழக்குவதுதான் சுலபம்.

வில்லாபுரத்தான்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கானல் ஓடும்போது இலக்கின் பிம்பமே ஓடுகிற பக்கம் கொஞ்சம் நகர்ந்து தெரியும். 50 மடங்கில் புள்ளி எங்கே நிற்கிறது என்றே சொல்ல முடியாமல் வளையங்கள் கரைந்துபோகும். அப்போது 25, 30-க்கு இறக்கிவிடுங்கள். செகண்ட் ஃபோக்கலில் புள்ளி அதே அளவில் தெரியும், இலக்கு சிறுத்துவிடும், அதாவது 1/8 எம்.ஓ.ஏ. புள்ளி 1/4 ஆகிவிடும். கானல் நாளில் கொஞ்சம் பெரிய புள்ளி நல்லது என்று முன்னால் சொன்னேனே, அது இப்படித் தானாகவே கிடைத்துவிடுகிறது.

நம் நாட்டுத் தொடர்பு ஒன்றும் சொல்லிவிடுகிறேன். பிஸ்லியில் இன்றும் நாடுகளுக்கு இடையே கோலாப்பூர் போட்டி நடக்கிறது. கோலாப்பூர் ராஜா கொடுத்த கோப்பைக்காக 1871-இல் தொடங்கியது. நீங்கள் வந்ததும் எஃப்-கிளாஸ் போட்டி நடக்கும் ஒருநாள் அங்கே கூட்டிப்போகிறேன். அப்போது எல்லாருடைய ஸ்கோப்பையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், விளக்கம் சொல்லியே பொழுதைப் போக்குவார்கள்.

கூடல்நகர் ரைஃபிள்:

நல்ல விளக்கம் எல்லாருக்கும். கம்பி ரெட்டிக்கிள் நல்லதா, கண்ணாடியில் செதுக்கியது நல்லதா?

வைகை வடகரை:

நடுவில் தனியாக மிதக்கும் புள்ளி வேண்டுமானால் கண்ணாடியில் செதுக்கியதுதான் ஒரே வழி. கம்பியில் கோடு அறுந்து நிற்க முடியாதே. உயர் ரக இலக்கு ஸ்கோப்புகளில் இன்று அநேகமாகச் செதுக்கியதுதான் வருகிறது.

ஒத்தக்கடை ப்ரோன்:

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். செகண்ட் ஃபோக்கல், அதிகபட்சம் 50 அல்லது 60, 1/8 எம்.ஓ.ஏ. கிளிக், நடுவில் 1/8 எம்.ஓ.ஏ. மிதக்கும் புள்ளி, அது ஒளிர வேண்டும், பக்கவாட்டில் 1 எம்.ஓ.ஏ.வுக்கு ஒரு கோடு, செங்குத்துக் கோடு முழுசாக. மரம் கிடையாது. அதற்கு முன்னால் மீனாட்சி அக்கா சொன்னபடி கண்ணாடி.

வைகை அண்ணே கோபித்துக்கொள்ள வேண்டாம், பி.ஆர்.எஸ். சுடும் காலம் வந்தால் மரத்துக்கு உங்களிடம்தான் வருவேன்.

அங்கே ஒரு கடைக்கு எழுதிக் கேட்டேன். நான் பார்த்து வைத்திருக்கும் 10-50 ஸ்கோப்பில் கோடுகள் 40 மடங்கில்தான் சரியான அளவாம், 50-இல் இல்லையாம். இது குறையா? வேறு பார்க்கட்டுமா?

அனுப்பானடி கணக்கு வாத்தியார்:

குறை இல்லை தம்பி, தெரிந்துகொண்டால் போதும். 50-இல் ஒவ்வொரு கோடும் 40-ஐ 50-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.8 எம்.ஓ.ஏ. 1000 யார்டு இலக்கை வைத்தே சோதிக்கலாம். புள்ளியை வி-புல் நடுவில் வைத்தால், 40-இல் முதல் கோடு 4 வளைய விளிம்புக்கு அரை அங்குலம் வெளியே நிற்க வேண்டும். 50-இல் அதே கோடு விளிம்புக்கு ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வந்துவிடும். அப்படித் தெரிந்தால் கடைக்காரர் சொன்னது சரி, தைரியமாக வாங்குங்கள்.